மேஸ்திரியின் நாக்கு

சோப்புக் கொப்பரையிலிருந்து எழும் ஆவி ஜன்னல் வெயிலில் மஞ்சளாய்ப் புரள்கிறது. துடுப்பால் கிண்டியபடியே மேஸ்திரி தன் மருமகனை ஓரக்கண்ணால் அளக்கிறார். ரசாயனத் தொழில்நுட்பம் என்று காலேஜில் புதிதாய் ஒரு படிப்பு வந்திருக்கிறதாம். அதை முடித்த இவனை முதலாளி இன்றுதான் ஆலைக்குள் கூட்டி வந்திருக்கிறார். "சோப்பு காய்ச்சக் காலேஜா மாப்பிள்ளே? நாளைக்கு வெந்நீர் வைக்கவும் பரீட்சை எழுதணும் போல!" கூலியாட்கள் சிரிக்கிறார்கள். மருமகனும் சிரித்துக்கொண்டே, கொப்பரையில் ஊற்றவேண்டிய காரநீரில் காரத்தின் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அளவைத் தனக்குள் முணுமுணுத்துக்கொள்கிறான். பிறகு முதுகைக் காட்டி நின்று எதையோ கரண்டியில் எடுத்து நீட்டுகிறான். "நாக்குல வச்சே காரநீர்ப் பதம் சொல்லிடுவீங்களாமே மாமா?" மேஸ்திரி கரண்டியை வாங்கிக்கொள்கிறார். அந்த நாக்கு மரத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. நுரையைப் பார்த்துத்தான் குத்துமதிப்பாய் ஓட்டுகிறார். உப்புக் கரித்த சாப்பாட்டை அவர் பேசாமல் விழுங்கியதை மகள் இவனிடம் சொல்லியிருப்பாளோ? தொட்டு நக்கி, முகத்தைச் சுளிக்கிறார். "சுருக்குன்னு இருக்கு. ஊத்தலாம்." மருமகன் அவர் தோளில் கைபோட்டு, காதருகே குனிகிறான். "குடிக்கிற தண்ணி மாமா இது." பிறகு நிமிர்ந்து, "மாமா சரின்னுட்டார், ஊத்துங்கப்பா!" என்று உரக்கச் சொல்கிறான். தோளில் போட்ட கையை மட்டும் எடுக்கவில்லை.