தாய்மாமன் சீர்

"சூடு தணிக்கிற கூலர் அகலம், மெமரி உயரம். ஒண்ணை மாட்டினா இன்னொண்ணு இடிக்கும். ரெண்டுல ஒண்ணை மாத்தித்தான் ஆகணுங்க" என்றான் கம்ப்யூட்டர் கடை கலையரசன்.

நிச்சயதார்த்தப் பந்தலில் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். சீராகக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று மணப்பெண் இலக்கியா கேட்டதால், இரண்டு தாய்மாமன்களும் ஆளுக்குப் பாதிப் பாகங்களைப் பாண்டியில் வாங்கிச் சீர்த்தட்டில் வைத்திருந்தார்கள். சபையிலேயே பூட்டிக் கொடுக்கத்தான் கலையரசனை மரக்காணத்திலிருந்து அழைத்திருந்தார்கள்.

"என் கூலர்தான் இருக்கும். நான் மாப்பிள்ளைக்கு அப்பன்டா!" என்றார் மூத்தவர் கண்ணாயிரம்.

"அப்போ என் சீரு குப்பைக்கா?" இளையவர் குழந்தைசாமி அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

கண்ணாயிரம் கூலரைத் தூக்கித் தம்பியின் நெற்றியில் ஓங்கி அடித்தார். தம்பியின் ஆட்கள் பக்கத்து உப்பளத்தில் கிடந்த பலகைகளோடு பாய்ந்தார்கள். விலக்கப்போன கலையரசனுக்கும் மண்டை உடைந்தது.

"இனிமே இந்த வீட்டுச் சம்பந்தமே வேணாம்!" ரத்தம் வழிய, மகனை இழுத்துக்கொண்டு வெளியேறினார் கண்ணாயிரம்.

கலையரசனின் தலையில் துணியை அழுத்திப் பிடித்தாள் இலக்கியா. இரண்டு வருடமாக அவன் கடையில் கம்ப்யூட்டர் பூட்டுகிறவள்.

"ரெண்டு மாமாவுக்கும் மாடல் சொன்னது நீதானாமே? ஒருதரம் அளந்து பார்த்திருக்கக் கூடாதா?" என்று முனகினான் அவன்.

"கல்யாணம் வேணாம்னு எவ்ளோ அழுதேன், ஒருத்தரும் கேக்கல. அப்புறந்தாண்ணே அளந்து பார்த்தேன்."