ஆறாம் பாகத்தின் கடைசித் தாள்

தம்பி இன்னும் பக்கத்தைத் திருப்பவில்லை.

அவள் எப்போதோ படித்து முடித்துவிட்டாள். மேலிருந்து கீழே ஒருமுறை. பொழுதுபோகாமல் கீழிருந்து மேலே ஒருமுறை. அவன் மட்டும் இரண்டாவது பத்தியிலேயே கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தான்.

சோபாவின் வலது ஓரம் அவனுக்கு, இடது ஓரம் அவளுக்கு, நடுவில் புத்தகம். முதல் பாகம் வீட்டுக்கு வந்த அன்று, யார் முதலில் படிப்பது என்ற போரில் அட்டை இரண்டாகக் கிழிந்தது. அப்பா தலையிட்டுச் செய்துவைத்த சமாதான ஒப்பந்தம் இது. வேகமாகப் படிக்கிறவள் காத்திருக்க வேண்டும். மெதுவாகப் படிக்கிறவன் உதட்டை அசைக்கக் கூடாது.

"எருமை, திருப்புடா" என்று தொடையில் கிள்ளுவது ஒப்பந்தத்தில் இல்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்ட ஷரத்து.

இப்போதெல்லாம் அவள் கிள்ளுவதில்லை.

கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் ஒளிந்து வாழும் பிள்ளைகளின் கதை. மூன்றாம் பாகம் வரை எல்லோரும் ஒழுங்காகச் சண்டை போட்டார்கள். நான்காம் பாகத்தில் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் பதினாறு வயதாகி, கூடவே காதலும் வந்து தொலைத்தது. வெள்ளம் கழுத்துவரை ஏறும்போதுகூட நின்று நிதானமாகக் கண்ணோடு கண் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அவர்களில் நண்டு என்கிற ஒருவன்தான் உருப்படி. காதலிக்க மாட்டான், வசனம் பேச மாட்டான். பூட்டை உடைப்பான், பசிக்கிறது என்பான்.

ஐந்தாம் பாகத்தின் கடைசி வரியில் எழுத்தாளர் அந்த நண்டாகப் பார்த்துத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

செத்தானா, பிழைத்தானா?

அவளுக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். மற்றதையெல்லாம் வாயைத் திறக்காமல் விட்டுக்கொடுத்துவிட்டாள். புது சைக்கிளை, தோழிக்கு இரவல் கொடுத்துத் திரும்பி வராத நீலச் சட்டையை. பள்ளியின் இறுதித் தேர்வை விட்டுக்கொடுத்ததில் பெரிய வருத்தமும் இல்லை. இதை மட்டும் விட முடியவில்லை. நண்டு என்ன ஆனான் என்று தெரிந்துவிட்டால், நிம்மதியாகக் கிளம்பிவிடலாம்.

தம்பி பக்கத்தைத் திருப்பினான்.

அப்பாடா.

ஆறாம் பாகத்தில் இவனுக்கு என்னதான் வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஐந்து பாகம் மூச்சிரைக்க அவள் பின்னாலேயே ஓடிவந்தவன், இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரு மாலையை எடுத்துக்கொள்கிறான். மழை பெய்துகொண்டிருந்தபோது வாங்கிய புத்தகம். ஜன்னலுக்கு வெளியே வெயில் வந்து, காய்ந்து, போய், மறுபடியும் மழை. வகுப்பில் யாராவது முடிவைச் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறானாம். ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம். இதற்குள் அவனுக்கு மீசைகூட அரும்பிவிட்டது. நண்டு பாவம், இன்னும் தண்ணீரிலேயே கிடக்கிறான்.

அம்மா மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக இடது ஓரத்துக்கு வந்து, அவள் மடியில் வைக்கக் குனிந்தாள்.

"அங்க வைக்காதம்மா."

"ஏன்டா, காலியாத்தானே கிடக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அம்மாவுக்கு உறைத்தது. துணிகளோடு அப்படியே நின்றாள். அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் பார்வை அவளுக்குள் நுழைந்து, அவளைக் கடந்து, சோபாவின் உறையில் போய் நின்றது.

அம்மா துணிகளை உள்ளறைக்கே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு துண்டு வழியில் விழுந்தது. எடுக்கத் திரும்பி வரவில்லை.

அவள் புத்தகத்துக்குத் திரும்பினாள். மிச்சம் ஒரே ஒரு தாள்.

சுரங்க வாயிலில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் யாரையும் காதலிக்கவில்லை, அந்த மட்டில் புண்ணியம். தண்ணீர் மெல்ல வடிகிறது. சேற்றுக்கு மேலே ஒரு கை தெரிகிறது. அந்த விரல்கள் அசைந்தனவா என்பது அடுத்த பக்கத்தில்.

அவள் காத்திருந்தாள்.

காத்திருந்து அலுத்து, தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தாள். அவன் கண்கள் கடைசி வரியில் இருந்தன. அவை இடமிருந்து வலம் ஓடவில்லை. ஓடி முடித்து வெகுநேரம் ஆனவை போல அங்கேயே நின்றிருந்தன. அவள் முடித்தபோதே அவனும் முடித்திருக்கிறான். இன்றைக்கு மட்டுமல்ல என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

தம்பி புத்தகத்தை மூடினான்.

"முறைக்காதக்கா" என்றான், இடது ஓரத்தைப் பார்க்காமல். "அந்தத் தாளைப் படிச்சதும் நீ கிளம்பிடுவ."

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் வழியில்லை.

அவன் புத்தகத்தைச் சோபாவிலேயே போட்டு, அதன் மேலேயே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். மீசை அரும்பியவன், பொம்மையைப் பதுக்கும் சின்னப் பிள்ளை மாதிரி, கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டான். மாலை முழுக்க அசையவில்லை, யாராவது தன்னைப் பிடித்துக் கீழே தள்ளிவிட மாட்டார்களா என்று காத்திருப்பவன்போல.

அவளும் தள்ளிக்கொண்டேதான் இருந்தாள்.