தூணோரம் ஓர் இடம்

அஷ்ரஃபுன்னிசா செருப்பைக் கழற்றி, முக்காட்டை இழுத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்தாள். வெளியே நின்றே பார்த்துப் பழகிய பூந்தமல்லிப் பழைய பள்ளிவாசல், அவளுக்காகத் திறந்து கிடந்தது.

"பள்ளிவாசலுக்கு உள்ளயே வந்துட்டேன்டா!"

"பயப்படாம நடம்மா," என்றான் மகன் ராஷித்.

நடந்தவள் மிதந்தாள். மினாராவைப் பறவைபோல் சுற்றினாள். கீழே, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குளத்தில் வானம் கிடந்தது.

"இது ட்ரோன்ல எடுத்ததும்மா."

இறங்கினால், தூணோரம் கணவர் நஜீர் கண்மூடி அமர்ந்திருந்தார்.

"உங்கத்தாடா!"

"பள்ளிவாசல லேசர்ல படம் புடிச்சப்ப நடமாடுனவங்க பதியல. அத்தா அசையாம குந்திகினு இருந்தாரு, அப்படியே பதிஞ்சிட்டாரு. கட்டடம் மட்டும்தான் வேணுமாம், அத்தாவ அழிக்கச் சொல்றாங்க கம்பெனில. அதான் அழிக்கறதுக்கு முன்னாடி உனக்குக் காட்டறேன்."

"ஊட்ல ஒரு நிமிஷம் குந்தாத மனுஷன்!" அவர் பக்கத்தில் மெல்ல அமர்ந்தாள். "அழிக்காதடா."

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ஷாகிதா வந்தாள். "இன்னாக்கா, பள்ளிவாசல்ல கீறேன்னு சத்தம் கேக்குது? புருஷன் மவுத்தாயி இத்தாவுல கீற பொம்பள, நாலு மாசம் பத்து நாளு முடியாம வாசப்படி தாண்டலாமா?"

ஹால் தரையில் அமர்ந்திருந்த அஷ்ரஃபுன்னிசா, கண்ணில் மாட்டிய வி.ஆர். கருவியைக் கழற்றவில்லை.

"எங்கியும் போவல ஷாகிதா. ஊட்லதான், அவரு பக்கத்துல கீறேன்."