இறங்கச் சொன்னவர்

"போதும்! இறங்கிப் போம்மா!"

முன்வரிசையிலிருந்து குவாங் கத்தியதும் ஜின்ஷியூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு நாற்காலிகள். அதன் உச்சியில் ஒற்றைக் கையை ஊன்றித் தலைகீழாக நின்ற பெண், அப்போதுதான் சறுக்கிக் கீழே மெத்தையில் விழுந்திருந்தாள். நல்ல வேளை, எழுந்துவிட்டாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரித்தபடியே குனிந்து வணங்கினாள்.

விழுந்து எழுந்தவளைப் பார்த்து யாராவது இப்படிக் கத்துவார்களா?

அந்த ஆளே அப்படித்தான். தாய்யுவானிலிருந்து ஊச்சியாவுக்கு வித்தை பார்க்க ஒரே பஸ்ஸில் வந்த கூட்டம் இது. வழி நெடுகச் சூரியகாந்தி விதையைக் கொறித்து, தொலியைக் காலடியிலேயே துப்பிக்கொண்டு வந்தார். மத்தியானம் நூடுல்ஸ் கடையில் உப்பு கூடிப்போச்சென்று சமையல்காரனோடு மல்லுக்கு நின்றார். போதாக்குறைக்கு இப்போது இது.

"நாக்குல நரம்பே இல்லையா இந்த மனுஷனுக்கு!" என்றாள் ஜின்ஷியூ.

"ஊர் வம்பு நமக்கெதுக்கு? பேசாம உக்காரு" என்றான் கணவன் தேஹாய்.

அதற்குள் குழுவின் வாத்தியார் மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தவறின வித்தையைப் பாதியில விடறது எங்க வழக்கமில்ல. ஆனா இது உங்க மேடை. போதும்னு நீங்க சொன்னா யிங்லோ இறங்கிடுவா. கைதட்டினீங்கன்னா மறுபடியும் ஏறுவா. நீங்களே சொல்லுங்க."

"போதும்! போதும்! இறக்கிவிடுங்க!" குவாங் எழுந்து நின்று கையை வீசினார்.

ஜின்ஷியூவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"பாத்தீங்களா? ஒரு பொண்ணு விழுந்துட்டா உடனே துரத்தணும். இன்னொரு வாய்ப்புக் குடுக்க மனசு வருதா? வயித்தெரிச்சல் பிடிச்ச ஜென்மம்!"

அவளும் எழுந்து நின்றாள். தலைக்குமேல் கையைத் தூக்கிப் பலமாகத் தட்டினாள்.

"தட்டுங்க! எல்லாரும் தட்டுங்க! அந்தப் பொண்ணுக்குத் தைரியம் வரட்டும்!"

பஸ்ஸில் வந்தவர்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து அரங்கமே தட்டியது. யிங்லோ ஒரு நிமிடம் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மறுபடியும் சிரித்துவிட்டு நாற்காலிகளை நோக்கி நடந்தாள்.

குவாங் விசிலடித்தார். கையிலிருந்த விதைப் பொட்டலத்தை மேடையை நோக்கி எறிந்தார். இன்னும் என்னமோ கத்தினார். கைதட்டல் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஜின்ஷியூ விடுவிடென்று அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, உங்க வீட்ல பொம்பளப் புள்ளைங்க இல்ல?"

"தங்கச்சி, ஒரு நிமிஷம் கேளு. அந்தப் பொண்ணோட..."

"ஒண்ணும் கேக்க வேண்டாம்! வாயை மூடுங்க! உங்களைப் பாத்தா எங்க ஊர்ப் பேரே நாறுது. யாருங்க அங்க? காவல்காரரே! இந்த ஆளை முதல்ல வெளிய அனுப்புங்க!"

காவலர்கள் இரண்டு பேர் வந்து குவாங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வாசல்வரை அவர் திமிறிக்கொண்டேதான் போனார். "சபாஷ் அக்கா!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். ஜின்ஷியூ தலையை நிமிர்த்திக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள்.

யிங்லோ ஏறினாள். ஒவ்வொரு நாற்காலியாக ஏறினாள். உச்சியில் ஒற்றைக் கையை ஊன்றினாள். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கால்கள் நேராக மேலே நின்றன!

அரங்கம் அதிர்ந்தது. ஜின்ஷியூவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"இப்ப சொல்லுங்க, வம்பா இது?" என்று கணவனைக் கேட்டாள்.

காட்சி முடிந்ததும் அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை பாராட்டிவிட்டுத்தான் போவேன் என்று அரங்கத்தின் பின்வாசலுக்குப் போனாள்.

யிங்லோ ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். எலும்பு கட்டுகிற வைத்தியர் அவள் கைக்கு மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடடா, என்ன கண்ணு ஆச்சு? நாங்க தாய்யுவான்காரங்க. உனக்காக எப்படித் தட்டினோம், பாத்தியா?"

யிங்லோ நிமிர்ந்தாள். "தாய்யுவானா? அக்கா, உங்க கூட்டத்துல ஒருத்தர் இறங்கு இறங்குன்னு கத்தினாரே, அவர் எங்க? அவரை நான் பாக்கணும்."

"அந்த ஆளையா? நாலு வார்த்தை நறுக்குனு கேக்கணும், அதானே? உனக்கு அந்தச் சிரமமே வேண்டாம். நான்தான் பிடிச்சு வெளிய தள்ள வச்சேன்!"

"நீங்களா?"

"நானேதான். முதல்ல எழுந்து கைதட்டினதும் நான்தான்!"

யிங்லோவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கட்டுப்போட்ட கையை ஜின்ஷியூவின் முன்னால் நீட்டினாள்.

"வலிக்குதுன்னு நாங்களா மேடையில சொல்ல முடியாது அக்கா. பாக்க வந்தவங்க சொன்னாத்தான் இறங்கலாம். நான் கையை மறைச்சதை அத்தனை பேர்ல அவர் ஒருத்தர்தான் கவனிச்சு எனக்காகச் சொன்னாரு. கீழ விழுந்தப்ப எலும்புல வெறும் விரிசல்தானாம், இதோ வைத்தியர் சொல்றாரு. நீங்க கைதட்டி ஏத்திவிட்ட பிறகுதான் முறிஞ்சுது."