கண்ணால் ஓர் ஆமென்

“ஆமென் சொல்லுங்க அத்தை.”

மாமியார் கண்களை ஒரு தடவை அழுத்தி மூடித் திறந்தாள். மருமகள் சிரித்துக்கொண்டே வேதப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவளுடைய கடைவாயில் வழிந்த எச்சிலைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் இதுதான். பக்கவாதம் வந்து உடம்பு மரக்கட்டையாகி, பேச்சும் போய், மாமியாருக்கு மிஞ்சியது இமை இரண்டுதான். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் வேண்டாம். அந்தப் பாஷையைக் கண்டுபிடித்தவளே மருமகள்தான்.

“இத ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டிடுங்க. வர்றவங்களுக்கும் தெரியட்டும்” என்று ஆரம்பத்தில் வந்த நர்ஸ் சொன்னாள்.

“எதுக்குங்க? நான்தானே பாத்துக்கறேன். எனக்குத் தெரிஞ்சா போதாதா?”

அதைக் கேட்டு மாமியாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பெற்ற மகன் கப்பல் வேலை என்று கடலோடு கிடக்கிறான். இவளோ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறாள். முதுகில் ஒரு புண் இல்லை, படுக்கையில் ஒரு வாடை இல்லை. நம்ம சபையில இப்படி ஒரு மருமக உண்டா என்று போதகரே வாய்விட்டுச் சொன்னார்.

வாய் இருந்த காலத்தில் மாமியாரும் விடியற்காலையில் முழங்காலில் நின்றவள்தான். எழுந்த கையோடு மருமகளைக் கரித்துக் கொட்ட ஆரம்பித்துவிடுவாள். மருமகளின் அம்மா இறந்த செய்தி வந்தபோது, “வீடு நிறைய விருந்தாளிங்க இருக்காங்க. நாளைக்குப் போயேன், பொணம் எங்க ஓடிடப் போகுது?” என்றவள். மறுநாள் மருமகள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்துவிட்டார்கள். அதை இன்றுவரை அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை.

அறுபத்தெட்டு வயது வரை காதோடு நின்ற வசனமெல்லாம், படுத்த பிறகுதான் மாமியாருக்கு உள்ளே இறங்கியது. நாள் தவறாமல் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். மன்னிக்க வேண்டியவள் எதிரிலேயே உட்கார்ந்து கரண்டியால் பால் புகட்டினாள். சொல்லத்தான் வாய் இல்லை.

இனி ஒரே ஓர் ஆசை. மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பேரப்பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூட வேண்டும். இந்தப் புண்ணியவதியின் தலையிலிருந்தும் பாரம் இறங்க வேண்டும். அதற்காகத்தான் ராப்பகலாக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பத்து மணிக்கு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்த மகள், கட்டிலில் விழுந்து கட்டிக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா வந்து பாக்கக்கூட முடியலம்மா. அண்ணி போன்ல சொல்றதக் கேட்டே காலத்த ஓட்டிட்டேன். உன்னக் கூட்டிட்டுப் போக இப்பத்தான் அவர சம்மதிக்க வெச்சேன். இன்னைக்கு நீ வேணாம்னுட்டா, இனிமே அவர்கிட்ட இந்தப் பேச்சையே எடுக்க முடியாது.”

மருமகள் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“அத்தை இஷ்டம்தான் முக்கியம். அவங்களையே கேட்டுடு” என்றாள்.

“அம்மா, என்கூட வந்துடறியா?”

ஆண்டவர் கேட்டுவிட்டார்! மாமியார் மிச்சமிருந்த உயிரையெல்லாம் இமைக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு தடவை இறுக மூடித் திறந்தாள். பொலபொலவென்று கண்ணீர் வழிந்தது.

மகள் ஒன்றும் புரியாமல் திரும்பினாள். “அம்மா என்ன சொல்றாங்க அண்ணி?”

மருமகள் குனிந்து, மாமியாரின் கன்னத்தை இதமாகத் துடைத்துவிட்டாள்.

“ஒரு தடவை மூடினா, வேணாம்னு அர்த்தம்.”