கட்டிய கைகள்

குழந்தைகள் வார்டுக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. வயிற்றுப்போக்கில் துவண்டுபோன ஒரு கைக்குழந்தையின் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள் சங்கவி. படிப்பை முடித்துப் போன வாரம்தான் பயிற்சி மருத்துவராக வந்தவள். முதல் ஊசி தவறிவிட்டது. ஒட்டுவதற்காகக் கிழித்து வைத்த பிளாஸ்திரித் துண்டுகள் கட்டில் கம்பியில் மின்விசிறிக் காற்றுக்குத் துடிக்கின்றன. "புள்ள சோர்ந்துகினே போவுது. பெரிய டாக்டரு நீங்களே போட்டுடுங்கம்மா" என்கிறாள் வல்லத்திலிருந்து வந்திருக்கும் தாய். பக்கத்தில் நிற்கும் பேராசிரியர் ஞானமேரி அந்த ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடுவார். "இவங்களே போட்டுடுவாங்கம்மா. நான் இங்கதான இருக்கறேன்" என்கிறார். பிறகு சங்கவியிடம், "பதறாத. காலுல பாரு." அவர் முகத்தில் அப்படியொரு நிதானம். அதைப் பார்த்துத்தான் சங்கவி அடுத்த ஊசியைக் குழந்தையின் காலில் வைக்கிறாள். என் மகளின் கட்டில் அவருக்குப் பின்பக்கம் இருக்கிறது. அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் கட்டியிருக்கும் கைகளை நான் மட்டும் பார்க்கிறேன். திமிறும் கன்றைப் பிடிப்பதுபோல் ஒரு கை மற்றதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஊசிக் குழாய்க்குள் ரத்தம் எட்டிப் பார்க்கிறது. குழந்தை வீறிடுகிறது, சங்கவி மூச்சு விடுகிறாள். "ம், ஒட்டு" என்கிறார் ஞானமேரி. கைகள் அவிழ்கின்றன. மணிக்கட்டில் நகம் பதிந்த இடமெல்லாம் சிவந்திருக்கிறது. அடுத்து என் மகளின் முறை. சங்கவி ஊசித் தட்டோடு எங்களிடம் வருகிறாள். அவள் பின்னால் வந்து நிற்கும் ஞானமேரி மறுபடி கைகளைக் கட்டிக்கொள்கிறார். நான் மகளின் கையைச் சங்கவியிடம் நீட்டுகிறேன்.