உள்ளங்கையில் ஐஸ்

மீன் ஏலக்கூடத்தில் கூடை சுமக்கும் செலின், பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஐஸ் தின்பாள். தாகத்துக்கு அல்ல. மீன் வாடை அடிக்கும் துண்டுகளை நறநறவென்று கடித்தால்தான் அவளுக்கு மனம் அடங்கும். சாலைமேட்டில் ஏறுவதற்குள் மூன்று தடவை கூடையை இறக்கி மூச்சு வாங்குவாள். ஏலக்காரர் வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்.

மருத்துவ முகாமில் நர்ஸ் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

"ஐஸ் திங்கணும்போல இருக்குமாக்கா?"

செலினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ரத்தத்துல இரும்புச்சத்து கொறைஞ்சா அப்படித்தான் தோணும். இந்த மாத்திரையத் தெனமும் போடுங்க. டீயோட வேண்டாம். வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்துராதீங்க."

மூன்றாவது வாரம் ஒருநாள் கூடையை ஒரு தடவைதான் இறக்கினாள். மறுநாள் காலை பழக்கத்தில் ஒரு துண்டு ஐஸை எடுத்தபோது, ஆள் உயர மீன் ஒன்று ஏலத்துக்கு வந்தது. விலை ஏற ஏற வாய்பிளந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். ஏலம் முடிந்து குனிந்தால், உள்ளங்கையில் வெறும் தண்ணீர்.

"ஏட்டி தெரசா! கரைஞ்சிட்டுட்டி! நான் திங்கவே இல்லட்டி!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தோழி தெரசா பதறி ஓடிவந்தாள். "என்னத்தட்டி தொலைச்ச?"

செலின் சில்லிட்ட கையால் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கவே இல்லை.